வீட்டிலேயே பழக் குச்சி ஐஸ்: அளவு, நேரம், செலவு, சத்துக் கணக்கு

பழத்தை அரைத்து, அச்சில் ஊற்றி, ஃப்ரீஸரில் வைத்தால் குச்சி ஐஸ் தயார் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பித் தொடங்குகிறவர்களின் கைக்கு வருவது பெரும்பாலும் பல் இறங்காத பனிக்கட்டியாகவோ, குச்சி ஒரு பக்கம் சாய்ந்து உறைந்த கட்டியாகவோ, நான்கு முறை உறிஞ்சியதும் நிறமும் சுவையும் போய் வெறும் ஐஸாக மிஞ்சும் துண்டாகவோ இருக்கிறது. எனக்கும் பதம் பிடிபட நெடுநாள் ஆனது. எந்தப் பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை, எந்த நேரத்தில் குச்சி, எத்தனை மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்பவை ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. உங்களுக்காவது அது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குச்சி ஐஸின் சத்து, கலவையை அச்சில் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உறைய வைப்பது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பழத்தில் இருப்பதைப் பெரிதாகக் குறைப்பதும் இல்லை. எந்தப் பழத்தை எடுக்கிறீர்கள், சக்கையோடு அரைக்கிறீர்களா வடிகட்டுகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்ற மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே கீழே பழத்துக்கும் சர்க்கரைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் ஃப்ரீஸரைச் சரிபாருங்கள்

குச்சி ஐஸ் நன்றாக வருவதற்கு ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு உள்ளேயே சிறு கதவோடு இருக்கும் ஐஸ் அறைகள் பலவற்றால் இந்தக் குளிர்ச்சியை எட்ட முடிவதில்லை. அந்த அறையின் கதவில் நட்சத்திரக் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 என்று பொருள். மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுவதற்காக ஃப்ரிட்ஜின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் நட்சத்திரங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வேறு, இவை வேறு.

குறி எதுவும் இல்லையென்றால், ஃப்ரீஸருக்கான சிறு வெப்பமானி ஒன்றை இரவு முழுவதும் உள்ளே வைத்துக் காலையில் பார்த்தால் போதும். மைனஸ் 12 டிகிரி வரை மட்டுமே இறங்கும் ஃப்ரீஸரிலும் குச்சி ஐஸ் செய்யலாம். நேரம் கூடும், பனித்துகள் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். மைனஸ் 6 டிகிரியில் நிற்கும் அறையில் முயல வேண்டாம்; சர்க்கரை கரைந்த பழச்சாறு அந்தக் குளிரில் முழுதாக இறுகாது, அச்சிலிருந்து இழுத்தால் குச்சி மட்டும் கையோடு வரும்.

2. கருவிகளும் செலவும்

செலவில் பெரும்பகுதி பழத்துக்கே போகும். கருவிகளைப் பொறுத்தவரை, பலரும் முதலில் வாங்குவது வண்ண வண்ணமான அச்சுகளை. நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு சமையலறைத் தராசை. பழத்தின் எடையும் சர்க்கரையின் எடையும் தெரியாமல் பதமும் வராது, சத்துக் கணக்கும் போட முடியாது. ஒரு முறை வாங்கினால் மற்றச் சமையலுக்கும் பயன்படும்.

அச்சு இல்லாமலும் தொடங்கலாம். சிறிய எவர்சில்வர் டம்ளர்கள், காகிதக் கோப்பைகள், ஐஸ் கட்டித் தட்டு எல்லாமே உதவும். எவர்சில்வர் குளிரை விரைவாகக் கடத்துவதால் ஐஸ் சீக்கிரம் உறையும். சிலிக்கோன் அச்சில் உறைவதற்கு நேரம் ஆகும், ஆனால் ஐஸை வெளியே எடுப்பது எளிது. பிளாஸ்டிக் அச்சு வாங்குவதானால், உணவுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் கோப்பை, முள்கரண்டிச் சின்னம் அடியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவில் 70 முதல் 90 மில்லிலிட்டர் பிடிக்கும் அச்சுகளே நல்லவை. அதைவிடப் பெரிதானால் நடுப்பகுதி உறைய நேரமாகும், ஒருவர் உண்ணும் அளவும் தெரியாமலே கூடிவிடும்.

மரக்குச்சிகளை உணவுக்கென்று விற்கப்படுபவையாக வாங்குங்கள். கைவினைப் பொருட்களுக்கான குச்சிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், சாயமோ பூச்சோ ஏறியவையாக இருக்கக்கூடும்.

3. பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

குளிர்ந்த பொருளில் நாவுக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே அறை வெப்பநிலையில் சுவைக்கும்போது இனிப்பு ஒரு படி தூக்கலாக இருக்கும் பழமே குச்சி ஐஸுக்கு ஏற்றது. நன்கு கனிந்த பழம் இதற்குப் பொருந்தும். தோல் கறுத்துப் புள்ளி விழுந்த வாழைப்பழம்கூட மிக நல்லது. பெரும்பாலும் அத்தகைய பழமே மலிவாகவும் கிடைக்கும். ஆனால் கனிந்ததும் கெட்டதும் ஒன்றல்ல. புளித்த வாடை வந்த பழத்தையும் பூசணம் பிடித்த மென்மையான பழத்தையும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் உள்ளே போயிருக்கும்.

சத்தைப் பொறுத்தவரை பழங்களுக்கு இடையே வேறுபாடு மிக அதிகம். 100 கிராம் தர்ப்பூசணியில் சுமார் 30 கிலோகலோரியும் 6 கிராம் சர்க்கரையும் 8 மில்லிகிராம் வைட்டமின் சியும் இருக்கின்றன. 91 கிராமுக்கு மேல் நீர்தான். அதே எடை மாம்பழத்தில் சுமார் 60 கிலோகலோரி, 14 கிராம் சர்க்கரை, 36 மில்லிகிராம் வைட்டமின் சி. ஸ்ட்ராபெர்ரியில் சர்க்கரை 5 கிராமே இருந்தாலும் வைட்டமின் சி 59 மில்லிகிராம் வரை உண்டு. பப்பாளி 43 கிலோகலோரிக்கு ஏறத்தாழ 61 மில்லிகிராம் தருகிறது. கொய்யாவில் வைட்டமின் சி 228 மில்லிகிராம், நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். வாழைப்பழத்தில் வைட்டமின் சி குறைவு; ஆனால் பொட்டாசியம் 358 மில்லிகிராம், சர்க்கரை 12 கிராம். திராட்சையில் சர்க்கரை 15 கிராமைத் தாண்டும். இவை சராசரி மதிப்புகள். பழத்தின் வகை, கனிவு ஆகியவற்றைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும்.

இந்த எண்களைப் பார்த்ததும், கலோரி குறைவாக இருக்கிறதே என்று தர்ப்பூசணியை மட்டும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். புதியவர்கள் விழும் முதல் பள்ளம் அதுதான். நீர் மிகுந்த பழம் தனியாக உறைந்தால் கல்லாகிவிடும்; அதை இளக்குவதற்குச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியிருக்கும். கலோரி குறைந்த பழத்தில் தொடங்கி, முடிவில் இனிப்புப் பண்டம் ஒன்றைச் செய்திருப்பீர்கள். இதற்கு வழி, நீர் மிகுந்த பழத்தோடு சதைப்பற்று மிகுந்த பழம் ஒன்றைச் சேர்ப்பது. தர்ப்பூசணியோடு திராட்சை, ஸ்ட்ராபெர்ரியோடு வாழைப்பழம், ஆரஞ்சோடு மாம்பழம் என்று இணைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கொய்யாவை எதனோடும் சேர்க்கலாம்; பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் நார்ப்பொருள் மிகுந்த பழம் என்பதால் கலவைக்கு நல்ல கெட்டித்தன்மை தரும். விதைகளை மட்டும் வடிகட்டி நீக்கிவிடுங்கள்.

தயிரோ பாலோ சேர்ப்பதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சமைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி ஆகியவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பாலோடு கலந்து சிறிது நேரம் வைத்தாலே கசப்பு ஏறிவிடும். அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்க வைத்தால் அந்த நொதி செயலிழக்கும். ஆனால் வைட்டமின் சியில் ஒரு பகுதியும் அதோடு போகும். ஆகவே இந்த மூன்றையும் பால் சேராத குச்சி ஐஸுக்கே ஒதுக்குவது நல்லது.

புட்டியிலோ டப்பாவிலோ அடைத்த பழம், பழச்சாறு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பதே அந்தப் பட்டியலின் பொதுவான ஒழுங்கு. நீரும் சர்க்கரையும் முதல் இரண்டு இடங்களில் இருந்தால் அது பழச்சாறு அல்ல, பழச்சுவை ஏற்றிய பானம். டப்பாப் பழமானால் சர்க்கரைப் பாகில் ஊறியதைத் தவிர்த்து, தன் சொந்தச் சாற்றில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சர்க்கரையின் அளவை முடிவு செய்தல்

சர்க்கரை இனிப்புக்காக மட்டுமே சேர்க்கப்படுகிறது என்று எண்ணுவதால்தான் பலருடைய குச்சி ஐஸ் கல்லாகிறது. வெறும் நீர் 0 டிகிரியில் உறையும்; சர்க்கரை கரைந்த நீர் அதற்கும் கீழேதான் உறையத் தொடங்கும். கலவை உறைய உறைய, நீர் மட்டும் பனித்துகளாகப் பிரிந்துபோக, மிஞ்சும் பாகு அந்தத் துகள்களுக்கு நடுவே உறையாமல் தங்குகிறது. நாம் கடிக்கும்போது பல் இறங்குவது அந்தப் பாகு இருப்பதால்தான். சர்க்கரையை அடியோடு நீக்கினால் பாகு இல்லை, வெறும் பனிப்பாறை மட்டுமே. அஸ்பார்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற செயற்கை அல்லது மாற்று இனிப்பூட்டிகள் மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படுவதால் இனிப்பைத் தரும், பதத்தைத் தராது.

என் அனுபவத்தில், பழத்தின் சர்க்கரையும் சேர்க்கும் சர்க்கரையும் சேர்ந்து கலவையின் மொத்த எடையில் 14 முதல் 18 விழுக்காடு இருந்தால் பதம் சரியாக வருகிறது. 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மிகக் கடினமாகும். 25-ஐத் தாண்டினால் இறுகாமல் பிசுபிசுக்கும்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிராம் தர்ப்பூசணியில் இயல்பாக இருக்கும் சர்க்கரை 31 கிராம். 15 விழுக்காட்டை எட்டுவதற்கு இன்னும் ஏறத்தாழ 50 கிராம், அதாவது 12 தேக்கரண்டிக்கும் மேல், சேர்க்க வேண்டும். 500 கிராம் மாம்பழத்தில் ஏற்கெனவே 68 கிராம் இருப்பதால், 8 கிராம் சேர்த்தால் போதும். தர்ப்பூசணியும் திராட்சையும் சரிபாதி எடுத்தால் சேர்க்க வேண்டியது 25 கிராமாகப் பாதியாகிறது. பழங்களை இணைக்கச் சொல்வதன் பயன் இந்த இடத்தில் தெரியும்.

சர்க்கரையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு வேறு சில வழிகளும் உண்டு. வாழைப்பழக் கூழ், முழுக் கொழுப்புத் தயிர், தேங்காய்ப்பால் ஆகியவை பனித்துகள்கள் பெரிதாவதைத் தடுப்பதால், சர்க்கரை 12 விழுக்காட்டில் நின்றாலும் கடிக்க முடிகிற பதம் கிடைக்கும். கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம் இனிப்போடு நார்ச்சத்தையும் தரும். தேனும் வெல்லமும் சர்க்கரைக்கு நல்ல மாற்று என்று பலர் கருதுகிறார்கள். சுவை வேறுபடும் என்பது உண்மை. ஆனால் உடல் கணக்கில் அவையும் சர்க்கரையே. சில துளி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் பழத்தின் சுவையைத் தூக்கிக் காட்டும் என்பதால், சர்க்கரையைக் கூட்டும் முன் அவற்றைச் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள்.

சர்க்கரையை அப்படியே கலவையில் கொட்ட வேண்டாம். முழுதாகக் கரையாத சர்க்கரை அச்சின் அடியில் படிந்து, ஒரு முனை பாகாகவும் மறுமுனை பாறையாகவும் ஆகிவிடும். சம எடைச் சர்க்கரையையும் நீரையும் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாகில் 40 கிராம் எடுத்தால் அதில் 20 கிராம் சர்க்கரை இருக்கும்.

5. ஒரு குச்சியில் என்ன இருக்கிறது: தாளில் கணக்கு

இந்தக் கணக்கை ஐஸ் செய்து முடித்த பிறகு போடுவதைவிட, அரைக்கும் முன்பே போடுவது பயன் தரும். ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதி, 100 கிராமுக்கு உரிய மதிப்பால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, குச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது.

எடுத்துக்காட்டாக, 400 கிராம் மாம்பழச் சதை, 150 கிராம் முழுக் கொழுப்புத் தயிர், 20 கிராம் சர்க்கரை, 10 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு என்று எடுத்துக்கொள்வோம். மாம்பழத்தில் 240, தயிரில் 92, சர்க்கரையில் 78 என்று மொத்தம் சுமார் 410 கிலோகலோரி. 580 கிராம் கலவையில் 80 மில்லிலிட்டர் அச்சுகள் ஏழு நிரம்பும். ஆக ஒரு குச்சிக்கு ஏறத்தாழ 59 கிலோகலோரி, 12 கிராம் சர்க்கரை, 1 கிராமுக்குச் சற்று அதிகமான புரதம், 30 மில்லிகிராம் அளவில் கால்சியம், 20 மில்லிகிராம் வைட்டமின் சி, 1 கிராமுக்கும் குறைவான நார்ச்சத்து. அந்த 12 கிராம் சர்க்கரையில் நாம் வெளியிலிருந்து சேர்த்தது 3 கிராம் மட்டுமே.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வைட்டமின் சி என்பது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து தந்த பரிந்துரை. அதில் ஏறத்தாழ பாதியை ஒரு குச்சி தருகிறது என்பது நல்ல செய்தி. மாம்பழத்தில் இருக்கும், வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்ற நிறமி உடலில் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். தயிரின் கொழுப்பு அதற்கும் உதவுகிறது. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் பெயரளவுக்கே இருக்கின்றன. நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்ற அளவுகோலுக்கு முன்னால் ஒரு கிராம் என்பது பெரிதல்ல. ஆகவே குச்சி ஐஸைப் பழத்துக்கு மாற்றாகவோ ஒரு வேளை உணவுக்கு மாற்றாகவோ கருத வேண்டாம். இனிப்புப் பண்டங்களுக்கு மாற்றாகக் கருதினால் அது மிக நல்ல மாற்று.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தனிச்சர்க்கரை (உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் இருப்பதும்) இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது மேலும் நல்லது என்றும் சொல்கிறது. 2000 கிலோகலோரி உண்கிறவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. தேனும் பழச்சாறும் வரும். அரைத்த பழக்கூழின் சர்க்கரையையும் பிரிட்டனின் வரையறை இதே கணக்கில் சேர்க்கிறது. சர்க்கரை சேர்க்காத குச்சி ஐஸ் என்பதால் எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற முடிவுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

6. கழுவுதலில் சுணக்கம் கூடாது

உறைய வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது. குளிரில் அவை பெருகாமல் அடங்கியிருக்கும். பல வகைகள் உயிரோடே இருக்கும். குச்சி ஐஸை மறுபடி சூடாக்கி உண்ணப் போவதில்லை என்பதால், தொடக்கத்தில் காட்டும் சுத்தமே இறுதிச் சுத்தம். பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலை எறியப்போகும் பழத்தையும் கழுவிய பிறகே வெட்டுங்கள். இல்லையென்றால் தோலின் அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுபோகும். சேர்க்கும் நீர் குடிநீராக இருக்க வேண்டும்; ஐயம் இருந்தால் கொதிக்க வைத்து ஆறிய நீர். உறைந்த நிலையில் விற்கப்படும் பெர்ரிப் பழங்கள் வழியாக நோரோவைரஸும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் பரவிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருப்பதால், அவற்றை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறிய பின் அரைப்பது பாதுகாப்பானது.

7. அரைத்தலும் குளிரவைத்தலும்

மிக்ஸியில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். காற்றும் வெப்பமும் சேர்ந்து வைட்டமின் சியைக் குறைக்கும்; நுரை கூடினால் ஐஸில் ஓட்டைகள் விழும். வாழைப்பழம், ஆப்பிள் போன்றவை வெட்டியதும் பழுப்பேறும் என்பதால் எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றிவிடுங்கள்.

வடிகட்டுவதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் 2 கிராமுக்கு மேல் இருக்கும் நார்ச்சத்து, சாறாகப் பிழிந்தால் 0.2 கிராமாகக் குறைகிறது. சக்கை இருப்பது பதத்துக்கும் நல்லது. கலவையைக் கரண்டியின் பின்புறம் தடவி விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் கெட்டி போதும். உடனே வழிந்து மூடினால், இன்னும் கொஞ்சம் பழக்கூழ் சேர்க்க வேண்டும்.

பின்பு கலவையை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பலரும் தவிர்த்துவிடும் படி இது. வெதுவெதுப்பாக அச்சுக்குப் போகும் கலவை மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து, சாற்றையும் நிறத்தையும் தம்மிடமிருந்து ஒதுக்கித் தள்ளிவிடும். உறிஞ்சியதும் சாறு மொத்தமும் வாய்க்கு வந்து, நிறமற்ற ஐஸ் குச்சியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

8. ஊற்றுதல், குச்சி செருகுதல்

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அச்சின் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். ஊற்றிய பின் அச்சை மேடையில் இரண்டு முறை மெல்லத் தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும்.

மரக்குச்சியை உடனே செருகினால் மிதந்து சாயும். குச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து எடுத்து வைத்துக்கொண்டு, அச்சை ஃப்ரீஸரில் வைத்துக் கலவை கூழாக இறுகும் வரை, ஏறத்தாழ 45 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை காத்திருந்து செருகுங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவர்கள் அச்சின் வாயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, நடுவில் சிறு கீறல் போட்டு அதன் வழியே செருகலாம். தாள் குச்சியைத் தாங்கிப் பிடிக்கும். இரண்டு நிற அடுக்குகள் வேண்டுமானால் முதல் அடுக்கு கூழான பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். முழுதாக இறுகிய பின் ஊற்றினால் இரண்டும் ஒட்டாது.

9. உறையும் நேரம்

80 மில்லிலிட்டர் அச்சுக்கு மைனஸ் 18 டிகிரியில் 5 முதல் 6 மணி நேரம் ஆகும். மைனஸ் 12 டிகிரி ஃப்ரீஸரானால் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அச்சுகளை ஃப்ரீஸரின் பின்பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். கதவோரம் கூடாது. ஒரே நேரத்தில் நிறைய அச்சுகளை அடுக்கினால் எல்லாமே தாமதமாகும் என்பதோடு, ஏற்கெனவே உறைந்திருக்கும் மற்ற உணவுகளும் இளகத் தொடங்கும். கைவேலை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது, காத்திருப்புதான் நீளம். ஆகவே மறுநாள் மாலைக்கு வேண்டுமென்றால் முந்தைய இரவே செய்துவிடுங்கள்.

வெளியே எடுக்கும்போது அச்சை வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 20 விநாடி வரை நனைத்து, குச்சியை நேராக இழுங்கள். கொதிநீர் வேண்டாம், மேற்பரப்பு உருகி, மறுபடி உறையும்போது ஐஸ் ஓடு கட்டும். வராவிட்டால் குச்சியைத் திருகாமல் மறுபடி நனையுங்கள்.

10. யாருக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை

ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தேன் சேர்த்த குச்சி ஐஸ் அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் நச்சை உருவாக்கக்கூடும். குளிர் அந்த வித்துகளை அழிக்காது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சையையோ பெரிய பழத் துண்டையோ உறையவைத்துக் கொடுக்க வேண்டாம். அது தொண்டையில் சிக்கும். எல்லாவற்றையும் அரைத்துவிடுங்கள், உண்ணும்போது அருகிலேயே இருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் 5-ஆம் படியில் போட்ட கணக்கிலிருந்து ஒரு குச்சியின் மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்; இங்கே அது பெரும்பாலும் சர்க்கரையே) தங்கள் உணவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வாழைப்பழமும் ஆரஞ்சும் சேர்த்த கலவைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். பழத்தின் அமிலமும் சர்க்கரையும் நீண்ட நேரம் பல்லில் படுவதால், குச்சி ஐஸை உணவை ஒட்டி உண்பது நல்லது. உண்டவுடன் பல் துலக்காமல் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

11. எழுதி ஒட்டுதல், சேமித்தல்

உறைந்த குச்சிகளை அச்சிலேயே விட்டுவைத்தால் மேலே உறைபனி படியும். ஃப்ரீஸரில் இருக்கும் மீன், பூண்டு ஆகியவற்றின் வாடையையும் அவை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு, பையின் மேல் தேதியையும் பொருட்களின் எடையையும் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டுதான் அடுத்த முறைக்கான ஆவணம். கடினமாக வந்ததா, இனிப்பு குறைந்ததா, அடுத்த முறை எத்தனை கிராம் மாற்ற வேண்டும் என்பதையும் அதிலேயே குறித்துவிட்டால், ஒரு பழத்தின் பதத்தை மீண்டும் தேட வேண்டியிருக்காது. விருந்தினருக்குக் கொடுக்கும்போது பால், கொட்டை போன்றவற்றால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அந்தச் சீட்டு உதவும்.

சுவையும் பதமும் முதல் இரண்டு வாரங்களில் சிறப்பாக இருக்கும். மைனஸ் 18 டிகிரியிலேயே இருந்தால் இரண்டு மாதம் வரை கெடாது. ஆனால் மேற்புறம் வறண்டு துகள் தட்டும். மின்சாரம் நின்றால் ஃப்ரீஸரைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீஸர் மூடியபடியே சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு ஐஸ் அறைக்கு இது பொருந்தாது. உருகி, குளிர்ச்சியும் போய்விட்ட குச்சி ஐஸை, குறிப்பாகத் தயிரோ பாலோ சேர்ந்ததை, மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள். ஓரம் மட்டும் இளகி, நடுவில் இன்னும் பனித்துகள் தெரிந்தால் மறுபடி உறைய வைக்கலாம். பதம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். அதை அப்படியே உண்ண விருப்பமில்லையென்றால், உடைத்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் கிண்ணத்தில் போட்டு உடனே கரண்டியால் உண்ணலாம்.